சாலையும் மராமத்தும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையின்மீது தாமல் என்னும் ஊர் அமைந்துள்ளது. தொண்டை மண்டலத்தை முன்னோர் 24 கோட்டங்களாக வகுத்தபோது, அவற்றுள் ஒன்றுக்குத் தன் பெயரை ஈந்த பழம்பதி இது. தாமோதரப் பெருமாள் கோயிலும் வராகீசுவரர் கோயிலும் இவ்வூரின் தொன்மைக்குச் சான்றாக நிற்கின்றன. அகன்று விரிந்த பெரிய ஏரி ஒன்றும் உண்டு. கல்வெட்டு ஆராய்வோர் கோயிலை நாடுவர். பயிர்த்தொழில் ஆராய்வோர் ஏரியை நாடுவர். நான் இன்று மாணவர்களுடன் காண விரும்புவது நெடுஞ்சாலையையும், அதனை ஒட்டிய கிடங்குகளின் முன்னே சரக்கு லாரிகள் வந்து நிற்கும் தார் முற்றங்களையும். அம்முற்றங்களிலே குனிந்து நோக்கினால், கரிய தரையில் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். மயிரிழைபோன்ற அந்த வெடிப்புகளே இன்றைய பேச்சின் பொருள்.

தரை வெடிப்புக்கு வரலாறு உண்டோ என்று வியக்க வேண்டா. மன்னர் போர் செய்ததும் கோட்டை கட்டியதும் மட்டுமே வரலாறு எனக் கொண்டால் இதற்கு இடமில்லை. ஆயினும் கட்டியதை யார் காத்தார், எவ்வாறு காத்தார், காவாதபோது என்ன நேர்ந்தது என்று வினவும்போது, ஒரு நாட்டின் உண்மையான நடை வெளிப்படுகிறது. நம் பாடநூல்கள் கட்டியவர்களின் பெயர்களைச் சொல்லும். செப்பனிட்டவர்களின் பெயர்களைச் சொல்வதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாடநூல்களைக் கற்பித்தவன் என்ற முறையில், இக்குறையை நான் நன்கு அறிவேன்.

‘மராமத்து’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம் நாட்டு ஆட்சிமொழியிலே கலந்த சொல் அது. பழுது பார்த்தல் என்பதே அதன் பொருள். சென்னை மாகாணத்திலே ஏரி, கால்வாய், பாலம், சாலை ஆகியவற்றைக் கவனித்த துறையைப் பொதுமக்கள் மராமத்து இலாகா என்றே நெடுங்காலம் அழைத்தனர். புதியன கட்டுவதும் அத்துறையின் வேலைதான். எனினும் மக்கள் அதற்கு வைத்த பெயர், பழுது பார்க்கும் துறை என்பதே. பின்னர்ப் பொதுப்பணித்துறை என்ற பெயர் நிலைத்தது. பெயர் மாறியபோது சொல்லிலிருந்து பழுது நீங்கிற்று. சாலையிலிருந்து நீங்கிற்றா என்பது வேறு கேள்வி!

ஊரார் தாமே கூடி ஏரிக்கரையைச் செப்பனிடும் வழக்கத்தைக் குடிமராமத்து என்றனர். கும்பினி ஆட்சியிலே நிலவரி முறைகள் மாறி, ஊர்ப்பொது மானியங்கள் தளர்ந்தபோது அவ்வழக்கமும் தளர்ந்தது. கரை உடையும் அபாயம் நேரும்போது குடிகளை வேலைக்கு அழைக்க அதிகாரம் அளித்து, 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. தானாக நடந்த பணிக்குச் சட்டம் தேவைப்பட்டதென்றால், பணி நின்றுவிட்டது என்று பொருள்.

அதற்கும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. இதே மாவட்டத்து உத்தரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்திய 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிப்பதை மாணவர் அனைவரும் படித்திருப்பீர்கள். தேர்தல் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அவர்களுள் ஒரு குழுவினர் ஏரி வாரியத்தார். ஆண்டுதோறும் புதிய வாரியம். ஆண்டுதோறும் ஏரியைப் பார்க்கும் பொறுப்பு. ஏரியில் வண்டல் வாரிக் கரையில் இடுவதற்கென்றே பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியால் பணி நடக்கச் செய்த அறக்கொடைகளையும் தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளில் காண்கிறோம். பழுது நேர்ந்தபின் பொருள் தேடாமல், நேரும் என்று அறிந்து முன்கூட்டியே பொருள் ஒதுக்கிய மதிநுட்பம் அது.

ஏரிக்கும் தார்ச்சாலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஏரியின் நீர் வெளியே கசியாமல் கரை காக்கவேண்டும்; சாலையின் அடியிலுள்ள மண்ணுக்குள் நீர் புகாமல் மேல்தளம் காக்கவேண்டும். இரண்டிலும் பகை ஒன்றே. வெடிப்பின் வழியாக நகரும் நீரே அது.

இப்பகையை வெல்ல மனிதன் கண்ட மிகப் பழைய மருந்துகளுள் ஒன்று நிலக்கீல். சிந்துவெளியிலே மொகஞ்சதாரோவில் சர் ஜான் மார்ஷல் தலைமையில் 1925-26-இல் வெளிப்படுத்தப்பட்ட பெருங்குளத்தைப்பற்றி அறிவீர்கள். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்ட அக்குளத்தின் செங்கற் சுவர்களுக்குப் பின்னால், ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்திற்கு நிலக்கீல் பூசப்பட்டிருந்தது. செங்கல்லின் இடுக்குகளில் நீர் கசியாதிருக்க அவ்வாறு செய்தனர். நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வேலை அது! தமிழிலும் ‘கீல்’ என்பது பழைய சொல்லே. மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைக்கக் கீல் பூசுவர். ‘தார்’ என்பதோ ஆங்கிலத்திலிருந்து வந்து நம் நாவில் ஊன்றிய சொல். ஆக, சாலை போடும் பொருளாக நாம் அறிவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே, இடுக்கை அடைக்கும் பொருளாகத்தான் உலகம் இதனை அறிந்திருந்தது.

இனிச் சாலைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பாவிலும் சாலைகள் மழைக்காலத்தில் சேறாகவே கிடந்தன. பிரெஞ்சு நாட்டுத் திரெசாகேயும், ஸ்காட்லாந்து நாட்டுத் தாமஸ் டெல்போர்டும் பெரிய கற்களை அடியில் அடுக்கி வலிய சாலைகள் சமைத்தனர். 1816-இல் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளின் கண்காணிப்பை ஏற்ற ஜான் லவுடன் மக்காடம் என்பவர், அத்தகைய கனத்த அடித்தளம் தேவையில்லை என்று துணிந்து கூறினார். இயற்கை மண்ணே பாரத்தைத் தாங்கவல்லது; அம்மண் உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே என்பது அவருடைய கொள்கை. சிறு அளவினதாக உடைத்த ஜல்லியைப் பரப்பி, நடுவை உயர்த்தி, இருமருங்கும் நீர் வடியச் செய்தார். அவருடைய கருத்தின்படி சாலை என்பது மண்ணுக்கு வேய்ந்த கூரை. கூரை ஒழுகினால் வீட்டுக்கு என்ன நேருமோ, அதுவே சாலைக்கும் நேரும். சாலைப் பொறியியலில் இதனினும் பயனுள்ள உவமை ஒன்றை நான் அறியேன்.

நம் நாட்டில் கப்பிச்சாலை என்று வழங்கியது மக்காடத்தின் வழிவந்ததே. ஜல்லியைப் பரப்பி, நீர் தெளித்து, செம்மண் தூவி, உருளையால் அழுத்துவர். மாட்டுவண்டியின் இரும்புப் பட்டை ஜல்லியின்மேல் உருளும்போது கல் சிறிது பொடியாகும். அப்பொடியே இடுக்குகளில் இறங்கிக் கற்களைப் பிணைக்கும். சாலையைத் தேய்த்த சக்கரமே சாலையைச் செப்பனிட்டது என்றும் சொல்லலாம். 1856 ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும், நெடுந்தொலைச் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி படிப்படியாக இரயிலுக்கு மாறிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் கப்பிச்சாலையே போதுமானதாயிருந்தது.

மோட்டார் வண்டி வந்தது, கணக்கு மாறிற்று. காற்றடைத்த இரப்பர்ச் சக்கரம் கல்லைப் பொடியாக்குவதில்லை. விரைந்து செல்லுங்கால் இடுக்கிலுள்ள பொடியை உறிஞ்சி எறிகிறது. பிணைப்பை இழந்த ஜல்லி கலகலத்தது. நகரங்களில் புழுதி தாங்கமுடியாத துன்பமாயிற்று. இதற்கு மாற்றுத் தேடியவர்களுள் ஒருவர் பொறியாளரே அல்லர். குக்லியெல்மினெட்டி என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர். புழுதியால் வரும் நோய்களை எண்ணி, 1902-இல் மொனாக்கோவில் ஒரு சிறு சாலைப்பகுதிக்குக் காய்ச்சிய தாரைப் பூசச் செய்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் பர்னெல் ஹூலி என்பவர், இரும்புக் கசடும் தாரும் தற்செயலாய்க் கொட்டிக் கலந்த இடத்தில் புழுதி எழாமையைக் கண்டு, கலவைத் தார்த்தளத்துக்கு 1902-இல் காப்புரிமை பெற்றார் என்பர். அதற்கு முன்பே, 1870-இல், அமெரிக்காவின் நியூவர்க் நகரத் தெருவொன்றில் எட்மண்ட் டி ஸ்மெட் நிலக்கீல் தளம் இட்டிருந்தார்.

அன்று பெரிதும் பயன்பட்ட தார், நிலக்கரியைக் காய்ச்சுங்கால் கிடைப்பது. இன்று நம் சாலைகளில் இடுவது கச்சா எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் அடியில் எஞ்சும் நிலக்கீல். நிலக்கரித் தார் உடல்நலத்துக்குத் தீங்கு செய்வதால் பெரும்பாலும் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் தார் என்றே நிலைத்துவிட்டது. சென்னைக்கு வடக்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியபின், தமிழ்நாட்டுக்குத் தேவையான நிலக்கீல் அருகிலேயே கிடைக்கும் வாய்ப்பு உண்டாயிற்று.

இந்திய நாட்டிலே சாலைக்கென ஓர் ஒழுங்கான நிதி ஏற்படக் காரணமாயிருந்தவர் எம். ஆர். ஜெயகர். அவர் தலைமையில் 1927-இல் அமைந்த குழு, மறு ஆண்டிலேயே அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1929-இல் பெட்ரோல்மீது காலனுக்கு இரண்டணா கூடுதல் வரி விதித்து மத்திய சாலை நிதி தொடங்கப்பெற்றது. சாலையைப் பயன்படுத்தும் வண்டியே சாலைக்குப் பொருள் தரவேண்டும் என்பது அதன் நியாயம். 1934-இல் இந்தியச் சாலைக் காங்கிரசும், 1943-இல் நாகபுரித் திட்டமும் வந்தன. சென்னை மாகாணத்தில் 1946-இல் நெடுஞ்சாலைத்துறை தனித்துறையாயிற்று. 1957-இல் கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இவையெல்லாம் பொதுச் சாலைக்கு உரியவை என்பதை மனத்திற் கொள்ளுங்கள். கிடங்கின் முன்னுள்ள முற்றத்துக்கும், திருமண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்கும், ஜவுளிக்கடையின் பின்புறத்துக்கும் இலாகாவும் இல்லை, நிதியும் இல்லை. அங்கே உரிமையாளரே அரசர், அவரே ஏரி வாரியம்.

அத்தகைய முற்றத்தில் வெடிப்பு ஏன் தோன்றுகிறது? முதற்காரணம் முதுமை. புதிதாக இட்ட நிலக்கீல் நெகிழ்ச்சியுடையது. வெயிலும் காற்றும் பட்டுப்பட்டு அதிலுள்ள இலேசான எண்ணெய்ப் பகுதிகள் நீங்கும். எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகும். கத்தரி வெயிலில் தார்த்தளத்தின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் எட்டக்கூடும், இரவில் தணியும். விரிந்தும் சுருங்கியும் உழலும் தளம், நெகிழ்ச்சி உள்ளவரை தாங்கும், இறுகியபின் பிளக்கும்.

இரண்டாவது காரணம் பாரம். அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து ஒட்டாவா நகரருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெருஞ்சோதனை நடந்தது. பலவகைத் தளங்களை வளையங்களாக அமைத்து, படைவீரர்களைக்கொண்டு இரவும் பகலும் லாரிகளை அவற்றின்மேல் சுற்றி ஓட்டச்செய்து, சிதைவை அளந்தனர். அச்சின் பாரம் இருமடங்கானால் சேதம் இருமடங்கு ஆவதில்லை; ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று கண்டனர். சேதம் பாரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி வளர்கிறது என்பது இதன் கணிதம். கல்லூரி மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காரின் அச்சுப் பாரம் அரை டன், ஒரு லாரியின் அச்சுப் பாரம் பத்து டன் என்று கொள்ளுங்கள். இருபதின் நான்காம் அடுக்கு 1,60,000. ஒரு லாரியின் ஓர் அச்சு ஒருமுறை கடப்பதும், அத்தனை கார் அச்சுகள் கடப்பதும் தளத்துக்கு ஏறக்குறைய ஒன்றே! நம் நாட்டில் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாயிருந்த வரம்பு, 2018-இல் 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. உயர்வு எட்டில் ஒரு பங்குதான். நான்காம் அடுக்கில் கணக்கிட்டால் சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

நெடுஞ்சாலையிலாவது வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. முற்றத்திலோ சரக்கோடு மணிக்கணக்கில் நிற்கிறது, நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்புகிறது, டீசல் சொட்டுகிறது. நிலக்கீலும் டீசலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே டீசல் பட்ட இடத்தில் நிலக்கீல் கரைந்து, ஜல்லி தனித்தனியே உதிரும். பெட்ரோல் நிலையங்களில் எண்ணெய் ஊற்றும் இடத்தைத் தாரால் அமைக்காது, சிமென்டுத் தளமோ சிமென்டுக் கட்டைகளோ இடுவதன் காரணம் இதுவே.

இவ்வாறு தோன்றிய வெடிப்பு தன்னளவில் பெரிய தீமை அன்று. அதன்வழியே நீர் இறங்கும்போதுதான் தீமை தொடங்குகிறது. கூரை ஒழுகுகிறது, மண் நனைகிறது, களிப்பு மிகுந்த மண்ணாயின் பருத்து, பின் உலர்ந்து சுருங்குகிறது. நனைந்த மண்மீது லாரி ஏறியதும் தளம் அமிழ்ந்து எழுகிறது. அழுத்தப்பட்ட நீர், நுண்மண்ணைச் சேறாகக் கலக்கி வெடிப்பின் வாயாலேயே மேலே துப்புகிறது. மழை ஓய்ந்தபின் தார்த்தளத்தின் கோடுகளை ஒட்டி வெளிறிய மண்கறை காணப்பட்டால், அடித்தளம் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். பின்னர்க் கோடுகள் கிளைத்து ஒன்றோடொன்று கூடி முதலைத் தோல்போல் ஆகும். அடுத்த நிலை பள்ளம்.

பழுது பார்க்கும் முறை இந்த நிலைகளைப் பொறுத்தது. மயிரிழை வெடிப்புக்கு நிலக்கீல் பால்மம் போதும். நிலக்கீலை நுண்துளிகளாக நீரில் கலந்து வைத்ததே பால்மம், சூடாக்காமலே பூசலாம். ஊற்றும்போது பழுப்பாயிருக்கும், நீர் பிரிந்ததும் கறுக்கும். கறுக்கும்வரை அதன்மேல் வண்டி ஏற்றலாகாது. ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற வெடிப்பாயின், இரும்புத் தூரிகையால் தேய்த்து, முளைத்த புல்லை வேரோடு நீக்கி, அழுத்தக் காற்றால் தூசியை ஊதி, நன்கு உலரவிட்டு, இரப்பர் கலந்த நிலக்கீலைக் காய்ச்சி அடியிலிருந்து நிரம்ப வார்க்கவேண்டும். இயந்திரத்தால் வெடிப்பின் வாயைச் சிறிது சதுரமாக வெட்டிக்கொண்டு வார்ப்பது இன்னும் நன்று. மருந்துக்குப் பிடிமானம் கிடைக்கும். மேலே கல்தூள் தூவிவிட்டால் சக்கரத்தில் ஒட்டி வராது. விரல் நுழையும் அளவு அகன்றவற்றை மணலும் பால்மமும் கலந்த கூழால் நிரப்புவர். இவ்வேலையில் பொருளைவிடத் துப்புரவே முக்கியம். ஈரமும் தூசியும் உள்ள வெடிப்பில் எவ்வளவு உயர்ந்த மருந்தை வார்த்தாலும், முதல் கோடையிலேயே தோல்போல் உரிந்து வந்துவிடும்.

முதலைத்தோல் ஆகிவிட்ட பகுதிக்கு இம்மருந்து பயன்படாது. அங்கே நோய் மேல்தளத்தில் இல்லை, அடியிலே இருக்கிறது. பழுதுற்ற பரப்பைச் சற்று அகலமாகவே செங்குத்தான ஓரங்களோடு சதுரமாக வெட்டி எடுத்து, உறுதியான மண் தோன்றும்வரை தோண்டி, ஜல்லியிட்டு இறுக்கி, அடியிலும் ஓரங்களிலும் பால்மம் தெளித்து, சூடான தார்க்கலவையைப் படிப்படியாக இட்டு உருட்டவேண்டும். நீர் வடியும் வழியையும் அப்போதே சரிசெய்ய வேண்டும். மழை மிகுந்த பகுதிகளில் தார்த்தளத்துக்கு இரண்டரை சதவீதச் சரிவு வேண்டும் என்பது சாலைக் காங்கிரசின் விதி. பத்து மீட்டர் அகலத்துக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம்.

பலர் இதைச் செய்வதில்லை. காஞ்சிபுரத்து வணிக வளாகம் ஒன்று, பெயர் வேண்டா. முற்றம் வெடித்திருந்தது. உரிமையாளர் விழாக்காலத்துக்கு முன் அழகுக்காக முழுப் பரப்பின்மீதும் புதிய தாரைப் போர்த்தச் செய்தார். பார்க்கக் கண்ணாடிபோல் இருந்தது. இரண்டு மழைக்காலம் கழிந்ததும், பழைய வெடிப்புகள் எந்தெந்த இடத்தில் இருந்தனவோ, அதே இடங்களில் அதே வளைவுகளோடு புதிய தளத்திலும் எழுந்தன. அடியிலுள்ள பிளவு, அசையும்தோறும் மேலுள்ள தளத்தையும் கிழிக்கும். பொறியாளர் இதனைப் பிரதிபலிப்பு வெடிப்பு என்பர். புண்ணை ஆற்றாமல் பட்டுப் போர்த்திய கதைதான். அவ்வூரிலேயே தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரைப் பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்தபின்பே அடுத்த ஊடையை ஓட்டுவார்.

நெடுஞ்சாலைக்குத் திரும்புவோம். தங்க நாற்கரத் திட்டத்துக்கு 1999 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னை–பெங்களூர்ச் சாலை அதில் ஓர் அங்கம். நாலாம் எண் பூண்டிருந்த இச்சாலை, 2010-ஆம் ஆண்டின் மறுபெயரீட்டில் 48-ஆம் எண் பெற்றது. சாலை அகன்றது, வண்டிகள் பெருகின, சுங்கச்சாவடிகள் எழுந்தன. ஆயினும் மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே தளம் பழுதுற்றுக் கிடந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்து, சாலையைச் செப்பனிடும்வரை அப்பகுதியின் இரு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணமே வாங்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் ஆணையிட்டது. மராமத்துச் செய்யாதவனுக்கு முழுக்கூலி இல்லை என்ற பழைய ஊர்நீதியையே அது நினைவூட்டிற்று. தாமல் அவ்விரு எல்லைகளுக்கும் இடையே உள்ள ஊர்.

நெடுஞ்சாலைத்துறையின் கிராமப்புறச் சாலைகளிலும் இதே கேள்விதான். வெடிப்பை அடைக்கவும், ஓரத்துப் புல்லைச் செதுக்கவும், வடிகால் திறக்கவும் ஏறக்குறைய பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள் 1997-இல் அமர்த்தப்பட்டனர், 2002-இல் நீக்கப்பட்டனர், 2006-இல் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். புதிய சாலையின் திறப்புவிழாவுக்கு மாலையும் மேளமும் உண்டு. மண்வெட்டியோடு நடந்து செல்லும் இவர்களுக்கு அவை இல்லை. இடையிட்ட அவ்வாண்டுகளின் கணக்கை எந்த வரலாற்றாசிரியராவது எழுதுவாராயின், கல்வெட்டுக்கு நிகரான ஆவணமாக அது அமையும்.

வெடிப்பு தோன்றுவதையே தாமதிக்கச் செய்யும் முயற்சியும் தமிழ்நாட்டிலேயே நடந்தது. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் துணுக்குகளாக்கிச் சூடான ஜல்லியின்மேல் தூவினார். அது உருகி ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய உறையாயிற்று. உறையிட்ட கல்லோடு நிலக்கீல் இறுகப் பற்றுகிறது. நீர் இடையே புகுவது குறைகிறது. இம்முறைக்கு 2006-இல் காப்புரிமையும், அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. இதிலும் அடிப்படை, மக்காடம் சொன்ன கூரைதான். ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியே வேய்ந்த கூரை.

எம்முறையைக் கையாண்டாலும் காலம் தவறலாகாது. நம் பகுதிக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்று. ஆகவே ஆவணிக்குள் வெடிப்பு அடைக்கும் வேலை முடியவேண்டும். புரட்டாசியில் தொடங்கினால் பாதி வேலையில் மழை குறுக்கிடும். எங்கெங்கே அடைக்கவேண்டும் என்று அறியக் கருவி ஏதும் வேண்டா. கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்தபின், பள்ளி முற்றத்துக்கோ பேருந்து நிலையத்துக்கோ சென்று பாருங்கள். வெயில் பட்டுத் தரை முழுவதும் உலர்ந்து வெளுத்திருக்கும். வெடிப்புகள் மட்டும் ஈரம் குடித்துக் கருங்கோடுகளாய் நிற்கும். அவை உலர்ந்து மறையுமுன் சுண்ணக்கட்டியால் ஓரங்களில் அடையாளமிட்டு, ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே மழைக்குப் பின் அதே கோடுகளை மீண்டும் அளந்து, இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.